கம்பம் இல்லாத வரிசை

எங்கள் பள்ளி ஆய்வகத்து அலமாரியில், முப்பட்டகத்துக்கும் லாடக் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசில் இருக்கிறது. வாய் வைக்கும் இடத்தில் பூச்சு தேய்ந்து பித்தளை தெரியும். கயிறு ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். இப்போது அது என்ன நிறம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆய்வகத்தைப் பார்வையிட வருகிறவர்கள் தவறாமல் அதன் முன்னால் நின்று, “இது எதுக்கும்மா இங்க?” என்று கேட்பார்கள். “அது பேரண்டப் பாடத்துக்கு சார்” என்பேன். ஒரு நொடி யோசிப்பார்கள், அப்புறம் அடுத்த அலமாரிக்குப் போய்விடுவார்கள். அறிவியல் டீச்சரிடம் அவள் ஆய்வகத்திலேயே வாயைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்!

அது எங்கள் டிரில் சாருடைய விசில். அரசாங்கத் தாள்களில் அவர் உடற்கல்வி ஆசிரியர், பிள்ளைகளுக்கு பி.டி. சார், எனக்கு மட்டும் எப்போதும் டிரில் சார். என்னைவிட ஓரிரு வயது பெரியவர். ஒல்லி. தொண்டை மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாமல் பெரிசு. அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்குத் தினமும் முதல் பஸ்ஸில் வருவார். வீட்டில் கிளம்பும்போதே விசில் கழுத்தில் ஏறிவிடும். ஒருநாள் அதை வாயில் வைத்தபடியே பஸ்ஸில் தூங்கிப்போய், மூச்சு விட்ட சத்தத்துக்கு டிரைவர் நடுவழியில் பிரேக் போட்டுவிட்டதாக அவரே சொல்வார். அதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன்.

அவருடைய டிரில்லில் இடமும் இல்லை, வலமும் இல்லை. பிள்ளைகள் இடது வலதைக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று அவர் அதையே தூக்கிப் போட்டுவிட்டார். எங்கள் மைதானத்தில் நின்றால் ஒரு பக்கம் ராஜாக்கோட்டை மலை தெரியும், மறுபக்கம் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் கேட்கும். அதனால் “கோட்டைப் பக்கம் திரும்பு!”, “பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பு!” என்பதுதான் கட்டளை. எங்களிடம் படித்து போலீஸில் சேர்ந்த ஒருவன், பயிற்சி மைதானத்தில் முதல் நாள் ‘இடப்பக்கம் திரும்பு’ என்றதும் கோட்டையைத் தேடிக்கொண்டு நின்றானாம். லீவில் வந்தவன் இதைச் சொன்னபோது டிரில் சாருக்கு வெட்கமே இல்லை, பெருமைதான்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசையைக் கை தூர இடைவெளிக்கு விலக்க வேண்டுமென்றால், முதலில் போய் ஒரு பிள்ளையின் தலையில் கை வைப்பார். “நீதான் கம்பம். நட்டு வெச்ச மாதிரி நிக்கணும், அசையக் கூடாது.” அப்புறம் விசில். கம்பம் அப்படியே நிற்க, கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் கோட்டையை நோக்கியும், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கமாகவும் நகர்ந்து வரிசை திறக்கும். கம்பமாக நிற்பதற்குப் பிள்ளைகளிடம் அடிபிடி. ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் வேலை, ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு எல்லாரும் தன்னை வைத்துத்தானே விலகுகிறார்கள்!

இப்படி அவர் மைதானத்தில் பார்த்துப் பார்த்துக் கட்டிய ராஜ்யத்துக்குப் பகையாளிகள் நாங்கள்தான். பி.டி. பீரியடைக் கடன் வாங்குவது என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாடம் முடியவில்லை, பரீட்சை வருகிறது, “சார், இன்னிக்கி ஒரு நாள் மட்டும்” என்று போய் நிற்பது. கடன் என்றுதான் பெயர், திருப்பிக் கொடுத்தவர் யாருமில்லை. கணக்கு டீச்சர் வாங்குவார், ஆங்கில சார் வாங்குவார், எல்லாரையும்விட அதிகம் வாங்கியவள் நான். அதற்காக இப்போது கண்ணைக் கசக்கப் போவதில்லை. பாடத்தை யார் முடிப்பது?

அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் அண்டம் பற்றிய பாடம். வழக்கம்போல மணி அடித்தும் நான் நிறுத்தவில்லை. அடுத்தது டிரில் சாரின் பீரியட். அவர் வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றார். நிற்கிறாரே என்று பார்த்தும் பார்க்காததுபோல நடத்திக்கொண்டே போனேன். தொலைவில் இருக்கும் விண்மீன் திரள்கள் எல்லாம் நம்மைவிட்டு விலகிப்போகின்றன, பக்கத்தில் இருப்பது மெதுவாக, தூரத்தில் இருப்பது வேகமாக. அக்கம்பக்கத்தில் ஒரு சில மட்டும்தான் நம் பக்கம் வருகின்றன. ஆகவே பேரண்டம் விரிகிறது. வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன வாக்கியங்கள். ஒருவழியாக முடித்துவிட்டு வெளியே வந்தேன். பாதி பீரியட் போய்விட்டதற்குச் சண்டை போடப் போகிறார் என்று நான் தயாராக இருந்தால், அவர் கேட்டது வேறு.

“டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. எல்லாமே நம்மள வுட்டு வெலகிப் போவுதுன்னு சொன்னீங்களே, மெய்தானா?”

“மெய்தான் சார்.”

“எல்லாரும் வுட்டுட்டு ஓடற அளவுக்கு நாம இன்னா பாவம் பண்ணோம்?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மனுஷன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதில் சொல்லும் முன் நானே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே என்னைவிட்டு விலகுகிறது என்றால் நான்தானே நடுவில் இருக்க வேண்டும்? ஆனால் பேரண்டத்துக்கு நடு என்று ஒன்று இல்லை என்று அதே புத்தகம் அடுத்த வரியில் சொல்கிறது. இந்த இரண்டு வரியையும் இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தியிருக்கிறேன், இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது எனக்கு உறைக்கவே இல்லை. “நாளைக்குச் சொல்றேன் சார்” என்றேன். பதில் தெரியாத வாத்தியார்கள் எல்லாரும் ஏறித் தப்பிக்கிற பஸ் அது.

சிங்கவரத்தில் எங்கள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதே நினைப்பு. தோசை ஒரு பக்கம் கருகியது. “இன்னா, ஸ்கூல்ல எதனா டென்ஷனா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். “பேரண்டத்துக்கு நடு எங்க இருக்குதுன்னு தெரியல” என்றேன். அவர் கருகிய தோசையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு பேசாமல் சாப்பிட்டார். நல்ல மனிதர்.

மறுநாள் டிரில் சார் விடவில்லை. “வெலகிப் போவுதுன்னு யாரு போய்ப் பாத்தா?” இது எனக்குத் தெரிந்த கேள்வி என்பதால் உற்சாகமாகிவிட்டேன். அவரைப் பள்ளி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திருவண்ணாமலைப் பக்கம் போகும் தனியார் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்தது. கிட்டே வரும்போது கூர்மையாக இருந்த சத்தம், கடந்துபோனதும் சட்டென்று கட்டையாக இறங்கியது. “கேட்டீங்களா? ஒளிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான் சார். அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்ற ஒளி, வர்ற வழியிலேயே இழுபட்டுச் சிவப்புப் பக்கம் சாஞ்சிருக்கும். அத வெச்சித்தான் கண்டுபிடிக்கறாங்க” என்றேன்.

“இந்தச் சத்தம் எனக்குத் தெரியும் டீச்சர்” என்றார் அவர். “எத்தினி தடவ பஸ்ஸத் தவற வுட்டவன், எனக்குத் தெரியாதா? வெலகறது சரி. ஏன் நம்மகிட்டேர்ந்துன்னுதான் கேக்கறேன்.”

அந்தக் குரலில் இருந்தது வானம் மட்டுமில்லை என்பது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. தலைமை ஆசிரியை, ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார்: அவலூர்பேட்டைப் பள்ளியில் இடம் காலியாகிறதாம், டிரில் சார் மாறுதல் கேட்டிருக்கிறாராம், அடுத்த வாரம் கலந்தாய்வாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நேராக அவரிடமே போய்க் கேட்டேன். அவர் விசில் கயிற்றை விரலில் சுற்றியபடி, “சொந்த ஊரு டீச்சர். அங்கப் போனா பீரியட்டாவது மிஞ்சுமான்னு பாக்கறேன். இங்க நான் மணி அடிச்சதும் வெளிய வந்து நிக்கறேன், என் கிளாஸு உள்ள ஒக்காந்துனு இருக்குது. கிரவுண்டுல நானும் காக்காயுந்தான். இருந்தா இன்னா, போனா இன்னா?” என்றார்.

 அந்த விசில் சத்தம் இல்லாத பள்ளியை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் போகாதீர்கள் என்று சொல்ல எந்த முகத்தோடு சொல்வது? அவர் கேட்ட கேள்விக்கே இன்னும் பதில் சொல்லவில்லை. போவதற்குள் அந்தப் பதிலையாவது கொடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. புத்தகம் புத்தகமாகப் புரட்டினேன். பலூன் என்றார்கள், அதன்மேல் புள்ளி என்றார்கள். ஊதிப் பார்த்தேன். பலூனுக்கு உள்ளே ஒரு நடு இருக்கிறதே என்று திரும்பவும் அங்கேயே போய் நின்றது புத்தி. இரண்டு பலூன் உடைந்ததுதான் மிச்சம்.

கலந்தாய்வுக்கு முந்தின நாள், விளையாட்டு விழாவுக்கான ஒத்திகை. நான் மைதானத்துக்குப் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அரை பீரியட் கடன் கேட்கத்தான். வேப்பமரத்திலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் ஒரே வரிசையாகப் பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். டிரில் சார் எதிரே நின்றார். மனசு எங்கேயோ இருந்தது அவருக்கு, பார்த்தாலே தெரிந்தது. யார் தலையிலும் கை வைக்கவில்லை. நேராக விசிலை எடுத்து ஊதி, “கை தூரம்... வெலகு!” என்று கத்திவிட்டார்.

பிள்ளைகள் ஒரு கணம் முழித்தார்கள். கம்பம் யார் என்று சொல்லவில்லையே! ஆனாலும் விசில் என்றால் விசில். ஒவ்வொருவரும் கையை நீட்டி, பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஒரு கை தூரம் விலகிக்கொண்டார்கள். கசமுசாவென்று கொஞ்ச நேரம் அசைந்துவிட்டு வரிசை தானாகவே திறந்து நின்றது. ஒரு குறையும் இல்லை. டிரில் சார்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அடச்சீ, கம்பத்தச் சொல்ல மறந்துட்டேன்! திரும்ப ஒட்டி நில்லுங்க!”

“இருங்க சார், இருங்க!” என்று நான் கத்தினேன்.  கிட்டே இருந்த பெண்ணிடம், “நீ எந்தப் பக்கம் நகர்ந்தே?” என்றேன்.

“நான் நகரவேயில்ல டீச்சர். இவங்கதான் போனாங்க.”

அடுத்தவனைக் கேட்டேன். “நான் நின்ன எடத்துலதான் டீச்சர் நிக்கறேன். அவதான் அந்தாண்ட போனா.” நடுவில் நின்றவனைக் கேட்டேன். குழாயடியில் நின்றவளைக் கேட்டேன். சத்தியம் பண்ணாத குறைதான். வரிசையில் ஒருத்தர்கூட நகரவில்லையாம், மற்ற எல்லாரும்தான் இவர்களைவிட்டு விலகிப் போனார்களாம்! ஒவ்வொன்றும் தன்னையே கம்பம் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே வரிசைக்குள் புகுந்தேன். “சார், எல்லாரையும் ஒட்டி நிக்கச் சொல்லிட்டு, இன்னொரு தடவ ஊதுங்க. கம்பம் சொல்லாதீங்க!” ஊதினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் ஒரு கை தூரம் போனான். அவனுக்கு அடுத்தவன் இரண்டு கை. அதற்கும் அடுத்தவன் மூன்று. எல்லாம் அதே ஒரு விசில் நேரத்துக்குள்! அப்படியென்றால் தூரத்தில் இருப்பவன்தானே வேகமாகப் போயிருக்கிறான்? நான் வேப்பமரத்துப் பக்கம் ஓடிப்போய் நின்றேன். “இன்னொரு தடவ சார்!” அதே கதை. குழாய்ப் பக்கம் ஓடினேன். அதே கதை. எங்கே நின்றாலும் எல்லாரும் என்னைவிட்டுத்தான் விலகுகிறார்கள், தூரத்தில் இருப்பவன்தான் அதிகம் போகிறான். பிள்ளைகள் யாரும் பருக்கவில்லை, இடைவெளிதான் பெருத்தது. இதைத்தானே நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேன்! நடு என்று ஒன்று தேவையே இல்லை. எவன் இடத்தில் நின்று பார்த்தாலும் நடு மாதிரிதான் தெரியும்.

வயது, பதவி, புடவை எல்லாம் மறந்துபோய், குழாயடியிலிருந்து மைதானம் அதிரக் கூவினேன்: “சார்! நாம ஒரு பாவமும் பண்ணல சார்! கம்பமே கெடையாது!”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மாடி வகுப்பிலிருந்து கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்குகிறது. டிரில் சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாக என்னிடம் நடந்து வந்தார். “அப்போ எல்லாரும் எல்லாரையும் வுட்டுத்தான் வெலகறாங்களா?”

“ஆமா சார்.”

“நம்மள மட்டும் யாரும் ஒதுக்கல?”

“யாரும் யாரையும் ஒதுக்கல சார். நடுவுல எடம்தான் வளருது.”

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. அந்தச் சூட்டோடு சூடாகச் சொல்லியும் விட்டேன். “பேரண்டத்துக்கு நான் பொறுப்பு சார். யாரையும் ஒதுக்கல. ஸ்டாஃப் ரூமுக்கும் இனிமே நானே பொறுப்பு. உங்க பீரியட ஒருத்தரும் தொட மாட்டாங்க, நானும் தொட மாட்டேன். நீங்க போகாதீங்க. நீங்க போனா எனக்கு நல்லாவே இருக்காது.”

அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி, “கோட்டைப் பக்கம்... திரும்பு!” என்றார். வந்த வேலையான அரை பீரியடைக் கேட்காமலே நான் திரும்பினேன். நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினேன். பேசினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. வராந்தா வரைக்கும் கேட்டதாம்.

மறுநாள் கலந்தாய்வு. அவர் விழுப்புரம் போய் மாறுதல் வாங்கிக்கொண்டு வரப்போகிறாரா, இல்லையா? காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்து வாசலில் நின்றேன். அவலூர்பேட்டை பஸ் வந்துபோயிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பிரார்த்தனைக்கு மணி அடித்துவிட்டார்கள். பிள்ளைகள் சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டு நின்றார்கள், வரிசையில் நிறுத்த ஆளில்லை. சரி, போய்விட்டார், அவ்வளவுதான் என்று உள்ளே திரும்பினேன்.  அப்போது வாசல் பக்கத்திலிருந்து, ஆள் தெரிவதற்கு முன்னால், விசில் கேட்டது. இரைச்சல் அப்படியே அடங்கியது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிள்ளைகள் முன்னால் அழுதிருப்பேன். அருகில் வந்தவர், “பஸ் பஞ்சரு டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வரிசையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவருடைய அலட்டலைத் தாங்க முடியவில்லை. பேரண்டமே தன் கிரவுண்டில்தான் விரிந்தது என்று டீக்கடையில் சொல்லிவைத்தார். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வரும்போது, நானாகவே வகுப்பை அவருடைய பீரியடில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அப்படியும் சும்மா இருப்பாரா? “வரிசையில கடைசியா நிக்கறவனுக்கு அந்தாண்ட யாருமில்லியே, அது எப்பிடி?” என்று மடக்கினார். வட்டமாக நிறுத்தினேன். எல்லாரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள், கடைசி என்று யாருமில்லை. “பாத்தீங்களா, நான்தான் நடு!” என்று அவர் வட்டத்துக்குள் நின்று குதித்தார். “நீங்க வரிசையிலேயே இல்ல சார், உங்கள எப்பிடிச் சேக்கறது?” என்றேன். குதிப்பதை நிறுத்திவிட்டு அவர் யோசித்தார். அப்புறம் கேட்டார்: “அது சரி டீச்சர். இங்க விசில் ஊதுனது நானு. அங்க ஊதுனது யாரு?”

“நாளைக்குச் சொல்றேன் சார்” என்றேன்.

பணி நிறைவு விழாவில் மாலையோடு உட்கார்ந்திருந்தவர், கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். புதிதாக வந்திருந்த பி.டி. மிஸ்ஸுக்குக் கொடுப்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். “அந்தப் பொண்ணுகிட்ட நல்ல விசில் இருக்குது. இது அந்தக் கேள்வியோட சேந்தது, கேள்வி உங்ககிட்டதான இருக்குது?” என்றார். இப்போது அவலூர்பேட்டையில் வேர்க்கடலை போட்டிருக்கிறார், எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் அங்கிருந்து வருகிற யாரிடமாவது எனக்கு ஒரு பை வந்து சேரும். வேர்மண்ணைக்கூட உதறாமல்தான் கொடுத்து அனுப்புவார்.

இந்த வருஷமும் அந்தப் பாடம் வந்தது. பி.டி. மிஸ்ஸிடம் முறைப்படி அனுமதி கேட்டு, விசிலைத் துடைத்து எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கம்பம் யாரென்று சொல்லாமல் ஊதினேன். வரிசை திறந்தது. “யாருடா நகர்ந்தது?” என்றால், வழக்கம்போல ஒருத்தரும் நகரவில்லை. சாயங்காலம் ஆய்வகத்தைப் பூட்டுவதற்கு முன்னால் அவருக்கு போன் போட்டேன். வயலில் இருந்தார் போலிருக்கிறது, காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“இன்னா டீச்சர், ஊதுனது யாருன்னு தெரிஞ்சிதா?”

“இன்னும் இல்ல சார்” என்றேன், விசிலை முப்பட்டகத்துக்கும் காந்தத்துக்கும் நடுவில் வைத்தபடி.

“பரவால்ல” என்றார் டிரில் சார். “நாளைக்குச் சொல்லுங்க.”